சட்டைப் பையில் அடங்கும் துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஆறேழு வருடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். என் உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டாது. மேலொன்று கீழொன்றாக இரண்டு குழல். குழலுக்கு ஒரு தோட்டா. ஆக இரண்டு தடவை சுடலாம். அதற்குள் எதிரி ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாம் ஓட வேண்டும். டெரிஞ்சர் என்று அதற்குப் பெயர். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதையெல்லாம் எழுத விட்டிருக்கமாட்டார். "ஒனக்கு வேற சோலியே இல்லையாம்மா" என்று கேட்டிருப்பார். கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்கு விபூதி, சந்தனம், காவடிச் சாமான் விற்கிற கடை. எந்த நேரமும் காலடியில் ஜனம் மிதிபடுகிற தெருவில் வளர்ந்தவள் மலைமேல் இருக்கிற ஆடலூருக்கு வாக்கப்பட்டு வந்தால் எப்படி இருக்கும்? வந்த புதிதில் பலாப்பழம் விழுகிற சத்தத்துக்கே அலறியிருக்கிறேன். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் மேடேறினால் எங்கள் தோட்டம். காப்பிச்செடி, நிழலுக்குச் சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. அவருக்கு அந்தத் தோட்டம்தான் உலகம். ஒரு நாள் போகாவிட்டால் சாப்பாடு இறங்காது.

இரண்டாயிரம் பிறந்த கையோடு ஒரு மிளகு சீசனில்தான் அது நடந்தது. காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு தூக்குவாளியோடு மேலே போனேன். அந்த அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். காட்டு வழியில் எனக்கு முன்னால் நடந்தால் தைரியமாக இருக்கும். நடுத் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்து, சாக்குக் கட்டுகிற கயிற்றால் அவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மிளகு திருட வந்த மூன்று பேர். அரிவாள் பிடியால் அடித்ததில் காதோரம் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, "பதறாதே, ஒண்ணுமில்ல" என்பதுதான். கயிற்றை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அந்த அம்மாதான் அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பயந்துபோனார் என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன். தனியாகத் தோட்டத்துக்குப் போவது நின்றது. இரண்டு ஆள் துணைக்குக் கிடைத்தால் போவார், கிடைக்காத நாளில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். வாசலில் நின்று மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூண்டில் அடைத்த மாதிரி ஒரு மனுஷன் நம் கண் முன்னால் நடமாடுவதைப் பார்க்கச் சகிக்காது. ஒரு மாதம் கழித்து, "ஒரு துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லைசென்ஸ் கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தாலுகா ஆபீஸ், போலீஸ் விசாரணை, வனத்துறை, மறுபடியும் போலீஸ் விசாரணை. திண்டுக்கல்லில் ஒரு அதிகாரி, "யாரச் சுடப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர், "யாரையும் இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறார். "அப்பறம் எதுக்குய்யா துப்பாக்கி?" என்று அவர் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். திருடனைச் சுடுவேன் என்று கம்பீரமாகச் சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். இவரைத் தனியாக விட்டால் கடைக்காரர் பீரங்கியைக்கூடத் தலையில் கட்டிவிடுவார். ஆனால் நடந்தது நேர்மாறு. கடைக்காரர் பெரிய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, இவர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "இதவிடச் சின்னதா இருக்கா?" என்று கேட்டார். சேலை எடுக்க வந்தவள் கர்ச்சீப் கேட்ட கதையாகப் போயிற்று. கடைசியில் கடைக்காரர் அலுத்துப்போய் ஒரு பழைய வெளிநாட்டு விலைப்பட்டியல் புத்தகத்தை எடுத்துப் போட்டார். "சட்டப் பையில வைக்கணும்னா டெரிஞ்சர்தாங்க. புதுசா வெளிநாட்டுலருந்து வர்றது நின்னு போச்சு. யாருகிட்டயாவது பழசு இருந்தா முறைப்படி மாத்தி எழுதிக்கலாம். இதைக் கொண்டுபோய்ப் பாத்து எது வேணும்னு சொல்லுங்க, விசாரிச்சுத் தர்றேன்."

அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சாயங்காலம் விளக்கேற்றிக் காப்பி போட்டுக் கொடுத்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் எதிரில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளுவேன். பிள்ளைகள் இரண்டும் திண்டுக்கல்லில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து படித்த ஒரே புத்தகம் அதுதான்.

அதில்தான் எத்தனை வகை! ஒரே பிடிதான், குழலை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இரண்டரை அங்குலக் குழல், மூன்று, மூன்றரை, நான்கேகால் என்று வரிசையாகப் போட்டிருந்தான். குழல் நீண்டால் குண்டு நேராகப் போகும், ஆனால் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். குட்டையாக இருந்தால் பையில் அடங்கும், ஆனால் அறைக்கு அந்தக் கோடியில் நிற்கிற ஆள்மீது பட்டால் அது அதிர்ஷ்டம். குழலின் உள்வாய்க்கும் கணக்கு உண்டு. பாயிண்ட் டூ டூ, அதாவது இருபத்திரண்டு என்றால் பென்சில் நுழைகிற அளவு; சத்தமும் கம்மி, உதைப்பும் கம்மி. பாயிண்ட் முப்பத்திரண்டு கொஞ்சம் தடிமன். முப்பத்தெட்டு நம் நாட்டில் போலீஸ்காரர்களுக்குத்தான், நமக்குக் கிடையாது. சிதறுகுண்டு போடுகிற குழல்கூட ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான், "இதையே வாங்குங்க, குறி தப்பினாலும் எதாவது ஒண்ணு படும்" என்றேன். "எம்மேலயும் படும்" என்றார்.

நான் முப்பத்திரண்டு கட்சி. மூன்று ஆளைப் பயமுறுத்த வேண்டுமே. அவர் இருபத்திரண்டு கட்சி. "கையளவு துப்பாக்கில முப்பத்திரண்டு போட்டுச் சுட்டா மணிக்கட்டு கழண்டுரும்னு கடைக்காரர் சொன்னார்ல" என்பார். அந்தக் கடைக்காரரே இன்னொன்றும் சொன்னார்: "இருபத்திரண்டுல சுட்டா காட்டுப்பன்னி திரும்பிப் பாத்து யாருன்னு கேக்கும்." அதை மட்டும் இவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

குழல் நீளத்தை முடிவு செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். சோப்பு அட்டைப் பெட்டிகளை வெட்டி, படத்தில் இருக்கிற அளவுக்கே ஒவ்வொரு நீளத்திலும் ஒரு அட்டைத் துப்பாக்கி செய்தார். என்னுடைய தையல் டேப்பை வைத்து அளந்து, பின்னால் பேனாவால் அளவையும் எழுதினார். ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே மிளகு பறிக்கிற மாதிரி கையைத் தூக்குவார், காப்பிக்குக் களை எடுக்கிற மாதிரி குனிவார். நான்கேகால் அங்குலம் குனிந்ததும் விழுந்தது. மூன்றரை பாதி வெளியே வந்தது. மூன்று நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு இடுப்புல எதும் வலியா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது. அவருடைய எல்லாச் சட்டைக்கும் பையைப் பிரித்து, உள்ளே கெட்டித்துணி வைத்து, மேலே மூடியும் பொத்தானும் வைத்துத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

அவர் கேட்ட மாதிரியே ஒன்று கடைசியில் வட்டக்கானலில் கிடைத்தது. அங்கே அறைகள் வாடகைக்கு விடுகிற ஒரு பெரியவர், எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிநாட்டில் மகனோடு போய் இருக்கப் போகிறார் என்று கடைக்காரர் தகவல் சொன்னார். கொடைக்கானல் போய் இறங்கி, அங்கிருந்து பனிமூட்டத்தில் இறக்கத்தில் நடந்தோம். முன்னால் போகிறவரின் குடை மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பெரியவர் எங்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்துவிட்டு ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஊதா வெல்வெட்டில் மூன்று பள்ளம். ஒன்றில் பிடி. ஒன்றில் மூன்று அங்குலத்தில் இரட்டைக் குழல். மூன்றாவது பள்ளம் காலி.

"அதுல முப்பத்திரண்டு பேரல் இருந்துச்சு மேடம். லைசென்ஸ்ல ஒரு போர், அதாவது ஒரே குழல் சைஸ்தான் அலவ்டுன்னு என் டாடி காலத்துலயே சரண்டர் பண்ணியாச்சு. இப்ப டூ டூ மட்டும்தான். ஃபேமிலில யாரும் இதச் சுட்டதே இல்ல, ப்ராமிஸ்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இவருக்கோ பெண் பார்க்க வந்த இடத்தில் பிடித்துப்போன மாப்பிள்ளை முகம். பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார், குனிந்தார், நிமிர்ந்தார். அடங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "கனமே தெரியலம்மா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

காகிதமெல்லாம் மாற்றி எழுதி, லைசென்ஸ் புத்தகத்தில் இருபத்திரண்டு என்று முத்திரை குத்தி, மதுரைக் கடையில் இருபத்திரண்டு தோட்டா ஒரு பெட்டி வாங்கினோம். மறுநாளே அவர் தனியாகத் தோட்டத்துக்குப் போனார். வெள்ளனே எழுந்து, குளித்து, பீரோவின் உள்ளறையைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் பையில் போடுவார். உள்ளறைச் சாவி அவர் அரைஞாணில்தான் இருக்கும். நான் சமையற்கட்டிலிருந்தே, "குண்டு போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பார். ஒவ்வொரு நாளும் இது நடக்கும். சாயங்காலம் காப்பிப்பழக் கறையோடு திரும்பி வருவார். நான்கு வாய் கூடச் சாப்பிட்டார். எனக்கும் உள்ளங்கை வியர்ப்பது நின்றது. இருபத்திரண்டோ முப்பத்திரண்டோ, ஒரு துப்பாக்கி துப்பாக்கிதானே என்று நானும் மனதை மாற்றிக்கொண்டேன்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. தேர்தல் வந்தால் எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். நாங்கள் வாங்கின மறு வருடமே, இரண்டாயிரத்து நான்கில், நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. பங்குனி வாக்கில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏட்டு ஒருவர் துப்பாக்கியின் நம்பரைப் பார்த்து எழுதி, அட்டையில் பெயர் எழுதிக் கட்டி, ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூமழை பெய்தது. காப்பி தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால், சரியாக ஒன்பதாம் நாள் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பூக்கும். கிளை தெரியாது, இலை தெரியாது, எல்லாம் வெள்ளை. மல்லிகை வாசம். மூன்றே நாள், அப்புறம் வாடி உதிர்ந்துவிடும். வருடத்தில் அவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த மூன்று நாள்தான். சோற்றைக் கட்டிக்கொண்டு போய்ப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருடம் அவர் போகவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கிறது, கோடைக்கு எல்லாரும் கல்யாணம் காட்சி என்று போய்விட்டதால் துணைக்கும் ஆள் இல்லை, போக வேண்டாம் என்று நானும் சொன்னேன். காற்று கீழே வீசும்போது வாசம் வீடு வரைக்கும் வந்தது. அவர் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். மூன்று நாளும் அப்படி நின்றார். நான்காம் நாள் வாசம் நின்றதும் உள்ளே வந்து ரேடியோவைப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, இரண்டாயிரத்து ஆறில், சட்டமன்றத் தேர்தல். மறுபடியும் பங்குனியில் ஸ்டேஷன். ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. உரச்சாக்கில் சுற்றினது, பழைய சேலையில் சுற்றினது என்று ஆளாளுக்கு நெட்டை நெட்டையாகத் துப்பாக்கி. நடுவில் இவர் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நின்றார். "என்ன மாமா, துப்பாக்கி குட்டி போட்டிருக்கா?" என்று பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெரிந்த பையன் கேட்க, வரிசையே சிரித்தது. இவரும் சிரித்தார்.

இந்த முறை ஏட்டு புதுசு. ஆயுதக் கிடங்கில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவராம். தோட்டாவும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லித் தகவல் அனுப்பியிருந்தார். இவர் பெட்டியை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு? பெட்டியப் பிரிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப துப்பாக்கிக்குள்ள போட்டு வச்சது?"

"போடலைங்க."

"எத்தன வருஷமா வச்சிருக்கீங்க?"

"மூணாகப் போகுது."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். ஏட்டு எழுந்து, துப்பாக்கியின் வாயை மணல் வாளிப் பக்கம் திருப்பிப் பிடித்து, குழலைத் தூக்கித் திறந்து, பெட்டியைப் பிரித்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டார். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அடுத்த குழலிலும் அதேதான். ஏட்டு சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், முடியவில்லை.

"இருபத்திரண்டுலயே ரெண்டு நீளம் இருக்குங்க. இந்தக் குழல் குட்டத் தோட்டாவுக்கு அடிச்சது. நீங்க வாங்கி வச்சிருக்கறது நெட்டை. இதப் போட்டா இந்த ஜென்மத்துல மூடாது. குட்டத் தோட்டா இப்ப இங்க எங்கயும் கெடைக்காது. ஒரு தடவ போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே!"

லைசென்ஸ் புத்தகத்தில் இருபத்திரண்டு என்று இருந்தது, கடையில் இருபத்திரண்டு கொடுத்தார்கள், எல்லாரும் அதைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வரிசை மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். நாலு பேர் கேட்கிறார்களே என்ற எண்ணம்கூட எனக்கு இல்லை. "தெனமும் கேட்டேனே, ஆச்சு ஆச்சுன்னு சொன்னீங்களே! வெறும் இரும்பத் தூக்கிட்டுத்தான் தெனமும் மேல போனீங்களா? ஏற்கெனவே அடி வாங்குன ஆளு, இன்னும் புத்தி வேண்டாமா? குண்டு போடக்கூடப் பயந்தவருக்குத் துப்பாக்கி ஒரு கேடா?" கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை. அதற்குப் பின் பல நாள் எங்களுக்குள் "சாப்பாடு வச்சிருக்கு", "ம்" என்பதைத் தவிரப் பேச்சே கிடையாது.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அவர் வாசலுக்குப் போய்க் கையை நீட்டி மழையைப் பிடித்தார். பூமழை. நாள் எண்ணுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் உள்ளேயிருந்து, "மழை பேஞ்சா பேயட்டும். துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன். அதற்கும் "ம்" என்றார். எட்டு நாள் அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. செருப்பு இல்லை. தெருவுக்கு வந்தால் எங்கள் தோட்டத்து அம்மா தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தார். "ஐயா வெள்ளனவே மேல போறத கண்டேன் தங்கச்சி. தனியாத்தான் போனாங்க" என்றார். நான் ஓடினேன். செருப்புப் போடவில்லை. முக்கால் மணி நேர மேட்டை எத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று தெரியாது. வழியெல்லாம் எனக்கு அந்தக் கயிறும் காய்ந்த ரத்தமும்தான் கண் முன்னால் நின்றன. பழனி முருகனுக்கு ஒரு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டேன். பாதி வழியில் அதை இரண்டாக்கினேன்.

தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. நான் பூவைப் பார்க்கவில்லை. நடுத் தோட்டத்துக்குப் போனேன். அதே சில்வர் ஓக் மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி, மரத்தில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏம்மா, எதுக்கு இப்பிடி மூச்சு வாங்க ஓடி வர்றே? செருப்புக் கூட இல்லாம?"

"துப்பாக்கி இல்லாம ஏங்க வந்தீங்க?"

கேட்டு முடித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபமில்லை, கேலியும் இல்லை.

"துப்பாக்கி இருந்தப்ப மட்டும் என்ன? நானும் ரெண்டு கையோடதான வந்தேன்."

"அப்ப எதுக்கு வாங்குனீங்க? மூணு வருஷம் அலைஞ்சு, அட்டையெல்லாம் வெட்டி, எதுக்கு?"

"அது இல்லாட்டி நீ என்னைய வாசலத் தாண்ட விட்டியா?" என்றார். "எனக்கு அது எதுக்கும்மா? யாரையும் சுடுற மனசு எனக்கு இல்ல. குண்டு போட்டுப் பையில வச்சிருந்தா குனியறப்ப வெடிச்சிருமோன்னுதான் பயம். நீ நிம்மதியா வீட்ல இருக்கணும்ல. அதுக்குத்தான் இருக்கறதுலயே சின்னதா, கனமில்லாததா ஒண்ணு தேடுனேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின தேர்தல் வருடத்தைப் பற்றி எழுதும்போது, போக வேண்டாம் என்று 'நானும்' சொன்னதாக எழுதினேன். அது பொய். நான் மட்டும்தான் சொன்னேன். அவர் அந்த வருடம் சோறு கட்டித் தரச் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நான் கதவை மறித்துக்கொண்டு, நீங்க படியிறங்கினா நான் பழனிக்குப் பஸ் ஏறிடுவேன் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். அடி வாங்கினது அவர். பயந்தது நான். அந்தப் பயத்தை அவர் பெயரில் எழுதிவைத்து, ஊரெல்லாம் சொல்லி, பஸ்ஸில் நாலு பேர் நடுவில் அவர் முகத்திலும் அடித்திருக்கிறேன். இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட, நான் பயப்படவில்லை என்று யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை.

அன்றைக்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, முள் எடுத்தார். தேனீ சத்தம் காதை அடைத்தது. வெயில் ஏறும்வரை பூவுக்கு நடுவில் இருந்துவிட்டுச் சேர்ந்து இறங்கினோம். அடுத்த இரண்டு நாளும் அவரோடு நானும் போனேன், சோறு கட்டிக்கொண்டு.

ஓட்டு எண்ணி முடிந்து, வைகாசியில் ஸ்டேஷனிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"வாங்கிட்டு வரவா? இல்ல, எழுதிக் குடுத்துட்டு அங்கயே விட்டுறவா? இனிமே அது எதுக்கு?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு, தோட்டா உள்ளே போகாது என்று என் கண்ணாலேயே பார்த்த பிறகு, வேண்டாம் என்றுதான் எந்தப் பெண்ணும் சொல்லுவாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வாங்கிட்டே வந்திருங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. போய் வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் வெள்ளனே பீரோவைத் திறந்து, அந்த இரண்டு குழல் இரும்பை எடுத்துப் பையில் போட்டு, நான் பார்க்கும்படி என் முன்னால் வந்து நின்று பொத்தானை மாட்டினார். அப்புறம் படியிறங்கித் தனியாக மலைப் பக்கம் நடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, நிம்மதியாக உலை வைத்தேன்.